காரில் காய்ந்த வீட்டுப் பெயின்ட்: நீக்கும் வழிகளும் அவற்றின் எல்லைகளும்

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் பெயின்ட் அடிப்பதும் தமிழகத்தில் வழக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வெளிச்சுவருக்குச் சாரம் கட்டியோ கயிற்றில் தொங்கியோ வண்ணம் பூசும் வேலையோ ஆண்டு முழுக்க நடக்கிறது. கீழே நிறுத்தியிருக்கும் கார்களின் பானெட்டிலும் கூரையிலும் துளிகள் தெறிக்கின்றன. பெரும்பாலும் மாலையிலோ மறுநாளோதான் அவை உரிமையாளரின் கண்ணில் படுகின்றன. அதற்குள் காய்ந்து இறுகிவிடுகின்றன. காரின் சொந்தப் பெயின்ட் கெடாமல் அவற்றை எடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில்கள் ஏராளம். வெந்நீர், மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி, வினிகர், களிமண் கட்டி, ரப்பிங் காம்பவுண்ட் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் எங்கோ பலித்திருப்பதால்தான் வழக்கில் நிலைத்திருக்கிறது. வேறெங்கோ காரைக் கெடுத்தும் இருக்கிறது. ஒன்றுக்கொன்று முரணான இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எதன் பலம் எது, எது எங்கே தடுக்கி விழுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. பெயின்ட் மேல் விழுந்த பெயின்ட்டை எடுக்கும் வேலை இது. ஆகவே மேலே விழுந்தது எது, அடியில் இருப்பது எது என்ற இரண்டையும் அறியாமல் எந்த வழியையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

அடியில் இருப்பது

1920களுக்கு முன் கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் பூசினார்கள். அது உலர வாரக்கணக்கில் ஆனது. 1923-இல் டூபான்ட் நிறுவனத்தின் டியூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் வந்தது. உலரும் நேரம் மணிக்கணக்காகக் குறைந்தது. நம் ஊரில் மரச்சாமான்களுக்கு அடிக்கும் ஒருவகைப் பளபளப்புப் பூச்சை இன்றும் டியூக்கோ என்றே அழைக்கிறார்கள். இந்தப் பூச்சு கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. மூலக்கூறுகளுக்கிடையே புதிய பிணைப்பு எதுவும் உண்டாவதில்லை. ஆகவே பல ஆண்டுகள் கழித்துத் தின்னர் பட்டாலும் மீண்டும் கரைந்துவிடும். "கார் பெயின்ட்டில் தின்னர் படவே கூடாது" என்ற எச்சரிக்கைக்கு முழு நியாயம் இருந்த காலம் அது.

இன்றைய தொழிற்சாலைப் பூச்சின் கட்டமைப்பு வேறு. உலோகத்தின் மேல் பாஸ்பேட் படலம், மின்முறையில் படியும் பிரைமர், நடுப் பிரைமர், நிறப் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக அமைகிறது. 1980களில் பரவலான இந்த முறையில் மேல் அடுக்குகள் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் சுடப்படுகின்றன. அந்த வெப்பத்தில் மூலக்கூறுகள் வலைபோல் ஒன்றோடொன்று பிணைகின்றன. இப்படிப் பிணைந்த படலம் கரைப்பானில் கரையாது. அதை உறிஞ்சி உப்பும், கரைப்பான் வெளியேறியதும் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பும். வலைப்பின்னல் கொண்ட பலபடிகள் எந்த அளவுக்கு உப்பும் என்பதை வேதியியலாளர்கள் ஃபுளோரியும் ரெய்னரும் 1943-இல் கோட்பாடாகவே வகுத்துவிட்டனர். "ஒரு துடைப்புத் தின்னரால் ஒன்றும் ஆகாது" என்ற எதிர்க்கருத்து இந்தப் பண்பிலிருந்து பிறந்தது.

மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. டிங்கரிங் செய்து மறுபெயின்ட் அடித்த பகுதிகளை 140 டிகிரியில் சுட முடியாது. காரின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்பாகங்களும் அந்த வெப்பத்தைத் தாங்கா. அங்கே பொதுவாக ஹார்டனர் கலந்த பாலியூரித்தேன் பூச்சு பயன்படுகிறது. சிறு பட்டறைகளில் நைட்ரோசெல்லுலோஸ் (என்.சி.) பட்டியும் என்.சி. டச்-அப்பும் இன்னும் வழக்கில் உள்ளன. ஒரே காரில் பானெட் தொழிற்சாலைப் பூச்சாகவும் பக்கத்து ஃபெண்டர் பட்டறைப் பூச்சாகவும் இருக்கலாம். முரண்பட்ட இரு அறிவுரைகளும் ஒரே வண்டியில் அருகருகே உண்மையாகிவிடும்.

தடிமனையும் மறந்துவிடக் கூடாது. எல்லா அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும். அதிலும் மெல்லிய படலத்தின் மேல்தான் இத்தனை வைத்தியங்களும் நடக்கின்றன.

மேலே விழுந்தது

வீட்டுப் பெயின்ட் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், காரில் விழுபவை குறைந்தது மூன்று வேதிக் குடும்பங்களைச் சேர்ந்தவை.

முதலாவது சுண்ணாம்பும் சிமென்ட் பெயின்ட்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறுகிறது. சிமென்ட் பெயின்ட் நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. ஈரமாக இருக்கையில் இரண்டும் கடுமையான காரத்தன்மை கொண்டவை. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவே சுமார் 12.4. காய்ந்தபின் எந்தக் கரிமக் கரைப்பானும் இவற்றைத் தொடாது.

இரண்டாவது எமல்ஷன். 1953-இல் அமெரிக்காவின் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் சுவர்ப் பெயின்ட்டுக்கான முழு அக்ரிலிக் எமல்ஷனை அறிமுகப்படுத்தியது. இன்றைய வெளிச்சுவர்ப் பெயின்ட்டுகளில் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை. நீர் ஆவியானதும் நீரில் மிதந்த நுண்ணிய பலபடித் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து படலமாகின்றன. பெரும்பாலான வகைகளில் வலைப்பின்னல் உருவாவதில்லை. ஆகவே வெப்பத்திலும் ஆல்கஹாலிலும் இளகும். சுவரின் நுண்துளைகளைப் பற்றிக்கொள்ளும் இந்தப் பெயின்ட்டுக்கு மெழுகு பூசிய வழவழப்பான கிளியர் கோட்டில் அத்தகைய பிடிமானம் கிடைப்பதில்லை.

மூன்றாவது எனாமல். கதவு, ஜன்னல் கம்பி, கேட் ஆகியவற்றுக்கு அடிப்பது. ஆல்கைடு பிசினால் ஆன இது, மினரல் டர்பன்டைன் ஆவியான பிறகு காற்றின் ஆக்சிஜனை ஏற்று நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை ஓர் இரவில் வந்துவிடும். முழு இறுக்கம் வர வாரங்கள் ஆகும். விழுந்து இரண்டு நாளான எனாமலும் இரண்டு மாதமான எனாமலும் வெவ்வேறு பொருள்கள் என்றே கொள்ள வேண்டும்.

பெயின்டர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்று இவற்றைப் பிரித்தறிய உதவும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் துளியின் தலையில் மட்டும் தேய்த்தால், எமல்ஷன் இளகி நிறம் பஞ்சில் ஏறும், எனாமல் அசையாது. ஒரு சொட்டு வினிகரில் நுரைத்தால் சுண்ணாம்பு எனக் கொள்ளலாம். மலிவான டிஸ்டெம்பரில் சுண்ணாம்புத்தூள் மிகுதி என்பதால் அதுவும் சற்று நுரைக்கக்கூடும். எனவே இரு சோதனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீரும் பொறுமையும்

மிகப் பழைய பதில் இதுதான்: சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைத் துளியின் மேல் போட்டு, ஊறவிட்டு, நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ ஓரத்திலிருந்து நெம்புவது. எமல்ஷன் துளிக்கு இதில் அறிவியல் நியாயம் உண்டு. நீர் படலத்துக்குள் ஊடுருவி அதை மென்மையாக்குகிறது. வெப்பம் பலபடியை இளக்குகிறது. பிடிமானம் முன்பே குறைவு. விழுந்து சில நாட்களுக்குள் என்றால் துளி முழுசாகவே உரிந்து வருவதும் உண்டு.

இந்த வழியின் பெரிய பலம், அது தோற்றாலும் காருக்குச் சேதமில்லை என்பது. பலவீனம், எனாமலிடமும் காய்ந்த சுண்ணாம்பிடமும் அது தோற்றுத்தான் போகும் என்பது. தோற்றவுடன் துணியை அழுத்தித் தேய்க்கத் தொடங்கும்போது ஆபத்து ஆரம்பிக்கிறது. சுவர்ப் பெயின்ட்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு மோஸ் அளவில் 6-ஐ ஒட்டிய கடினம் கொண்டது; சாலைத் தூசியிலுள்ள குவார்ட்ஸ் 7. கிளியர் கோட் வெறும் பிசின். உதிர்ந்த பெயின்ட்தூளும் தூசியும் துணிக்கடியில் எமரிபோல் உரசும். துளியால் விழுந்த கறை என்று நினைக்கப்படும் மங்கல் வட்டங்களில் கணிசமானவை தேய்ப்பால் வந்த கீறல்களாக இருக்கலாம். முதலில் காரை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதில் எல்லாத் தரப்பும் உடன்படுவதற்கு இதுவே காரணம்.

கரைப்பான்கள் பற்றிய விவாதம்

கருத்து மோதல் அதிகம் உள்ள பகுதி இது. எந்தக் கரைப்பான் எதைக் கரைக்கும் என்பதற்கு வேதியியலாளர் ஹில்டெபிராண்ட் 1936-இல் ஓர் அளவுகோல் தந்தார். 1967-இல் ஹான்சன் அதை மூன்று கூறுகளாகப் பிரித்து விரித்தார். சாரம் எளிது: கரைப்பானும் பிசினும் இயல்பில் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நன்றாகக் கரையும். வீட்டு வைத்தியங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பல புதிர்கள் விலகுகின்றன.

மண்ணெண்ணெயும் மினரல் டர்பன்டைனும் முனைவுத்தன்மை அற்ற ஹைட்ரோகார்பன்கள். ஈரமான அல்லது அரைகுறையாக உலர்ந்த எனாமலை இவை எடுக்கும். காய்ந்த அக்ரிலிக் எமல்ஷனை அவ்வளவாகக் கரைப்பதில்லை. எமல்ஷனில் மண்ணெண்ணெய் பலித்ததாகச் சொல்லப்படும் இடங்களில், அது துளியின் விளிம்புக்கடியில் ஊடுருவி வழுக்கலைத் தந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1953-இல் துருத்தடுப்புக்காக உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி.-40 தெளிப்பானின் வேலையும் இத்தகையதே. இவை சுட்ட கிளியர் கோட்டுக்குப் பெரும்பாலும் தீங்கற்றவை. மெழுகைக் கரைத்து எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும் என்பதால் பின்னர் சோப்பு நீரால் கழுவி மீண்டும் மெழுகிட வேண்டும்.

பெட்ரோலுக்கு இந்த நற்சான்று கிடைக்காது. அது கரைப்பதை மண்ணெண்ணெயும் ஏறத்தாழக் கரைக்கும். பெட்ரோலின் ஆவியோ நீரின் உறைநிலைக்கு 40 டிகிரி கீழேகூடத் தீப்பற்றக்கூடியது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அதில் இருக்கிறது. இந்த வழியைப் பரிந்துரைக்க நியாயம் எதுவும் இல்லை.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் நடுநிலையில் நிற்கின்றன. எமல்ஷனை இளக்கும், முழுதாகப் பிணைந்த கிளியர் கோட்டைக் கரைக்காது. இரண்டு படலங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகப் பயன்படுத்தும் எளிய கரைப்பான் வேறு இல்லை என்றே சொல்லலாம். செறிந்த ஆல்கஹாலை நீண்ட நேரம் ஊறவிட்டால் கிளியர் கோட்டும் தற்காலிகமாக உப்பி மென்மையாகும். அந்த நிலையில் தேய்த்தால் எளிதில் கீறல் விழும். எனவே நீர் கலந்து, சில வினாடிகள் வைத்து, துடைத்தெடுத்து, மீண்டும் செய்வதே பாதுகாப்பு.

தின்னரும் அசிட்டோனும் வல்லமை மிக்கவை. டொலுவீன், எஸ்டர்கள், கீட்டோன்கள், ஆல்கஹால் கலந்த என்.சி. தின்னர் எமல்ஷனையும் இளம் எனாமலையும் விரைவில் தளர்த்தும்; என்.சி. டச்-அப்பையும் அதே வேகத்தில் கரைக்கும். அனுபவமுள்ள கைகள் தொழிற்சாலைப் பூச்சின் மேல் இதைச் சேதமின்றிப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. அந்த அனுபவத்தைப் பொது அறிவுரையாக்கும்போதுதான் தவறு நேர்கிறது. ஏனெனில் கேட்பவரின் கார் மறுபெயின்ட் ஆனதா என்பது சொல்பவருக்குத் தெரியாது. கதவின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் சோதிப்பது உதவும். ஆனால் வெளிப்புறம் மட்டும் மறுபெயின்ட் ஆகியிருந்தால் அந்தச் சோதனையும் ஏமாற்றும். அசிட்டோன் ஆவி நீரின் உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயே தீப்பற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கடைகளில் விற்கும் பெயின்ட் ரிமூவர் இந்த விவாதத்துக்கே வெளியே நிற்கிறது. எல்லாப் பூச்சுகளையும் உரிப்பதே அதன் வேலை; மேல் கீழ் என்ற பாகுபாடு அதற்கு இல்லை.

சுண்ணாம்புக்கு அமிலம்

கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைக்கும் என்பது பள்ளிப் பாடம். வினிகரில் உள்ள 4 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் மெல்லிய சுண்ணாம்புப் புள்ளிகளுக்குப் போதுமானது. துணியில் நனைத்து வைத்து, நுரை அடங்கியதும் கழுவி, தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம். சிமென்ட் பெயின்ட்டில் இது மெதுவாகவும் அரைகுறையாகவுமே வேலை செய்யும்.

கழிப்பறைத் தரை கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காரில் பயன்படுத்தக் கூடாது. கிளியர் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் அடியிலுள்ள உலோகத்தை அது அரிக்கும். குரோமையும் அலுமினியத்தையும் கெடுக்கும். மென்மையான அமிலத்துக்கும் எல்லை உண்டு. மெலமைன் பிணைப்புக் கொண்ட கிளியர் கோட்டுகளை அமில மழையும் வெயிலும் சேர்ந்து அரிப்பது பூச்சுத் தொழில் நன்கறிந்த சிக்கல்; அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரம் இதற்கான களச் சோதனை இடமாகவே பெயர் பெற்றது. நம் ஊர் வெயிலில் சுடும் பானெட்டில் வினிகரைக் காயவிடுவது அதே நிலையைச் சிறிய அளவில் உருவாக்கும். நிழலில், ஆறிய பரப்பில், காயுமுன் கழுவ வேண்டும்.

உரசி எடுக்கும் வழிகள்

வேதியியலைத் தவிர்த்து உரசி எடுப்பது இன்னொரு மரபு. இதில் மூன்று படிகள் உண்டு.

களிமண் கட்டி ஜப்பானில் உருவானது. தடாவோ கொடாடே பெயரில் 1995-இல் அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. பெயர் களிமண் என்றாலும், நுண்ணிய உராய்வுத் துகள்கள் கலந்த நெகிழ்வான செயற்கைப் பிசின்தான் அது. வழுக்கும் திரவத்தைத் தெளித்து இழுத்தால் பரப்புக்கு மேலே துருத்தி நிற்பவற்றை வெட்டியெடுக்கும். ஸ்பிரே அடிக்கும்போது காற்றில் பறந்து வந்து ஒட்டும் தூசிப்புள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அரிது. ரோலரிலிருந்து சொட்டிய தடித்த துளிகளை அது எடுக்காது, அழுத்தினால் கீறும்.

ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் கிளியர் கோட்டையே சில மைக்ரான் தேய்த்து எடுப்பவை. துளி போனபின் எஞ்சும் நிழலையும் மயிரிழைக் கீறல்களையும் போக்க அவை ஏற்றவை. துளியையே அவற்றால் எடுக்க முயன்றால், துளி போகும் முன் சுற்றியுள்ள கிளியர் கோட் மெலிந்துவிடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. பளபளப்பு இன்று மீண்டாலும், சில கோடைகள் கழித்து அந்த இடம் வெளுத்து உரியலாம்.

துளியின் தலையை மட்டும் 2000 எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்துத் தட்டையாக்குவது தேர்ந்த கைகளுக்கான வேலை. பிளேடு கண்ணாடிக்கு மட்டுமே உரியது. அங்கும் சோப்பு நீர் வேண்டும்.

பானெட்டுக்கு அப்பால்

பெரும்பாலான அறிவுரைகள் காரின் பாடி முழுதும் ஒரே பரப்பு என்று எண்ணிப் பேசுகின்றன. முகப்பு விளக்குகளின் மூடி பாலிகார்பனேட். அசிட்டோனோ தின்னரோ பட்டால் நுண்விரிசல் விட்டுப் பால்போல் மங்கும். வரிவரியாக இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் பெயின்ட் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். மென்மையான பிரஷ்ஷும் சோப்பு நீருமே முதல் வழி. ரப்பர் பீடிங் ஹைட்ரோகார்பன்களில் உப்பும். பளபளப்பற்ற மேட் பூச்சில் பாலிஷோ களிமண்ணோ போட்டால் அந்த இடம் மட்டும் நிலையாக மின்னத் தொடங்கும். காருக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருந்தால், துளி விழுந்த பகுதியின் படலத்தை மாற்றிவிடலாம் என்ற வசதி உண்டு.

இன்னும் தீராதவை

சில கேள்விகளுக்கு உறுதியான விடை இல்லை. நீர்த்தடுப்புக்கென வரும் மீள்தன்மை கொண்ட வெளிச்சுவர்ப் பூச்சுகளும், தாமே பிணைந்துகொள்ளும் புதிய எமல்ஷன்களும் ஆல்கஹாலுக்குப் பழைய வகைகள்போல் இளகுவதில்லை. இவை பெருகப் பெருக ஆல்கஹாலின் இடம் சுருங்கலாம்.

முழுதாக இறுகிய எனாமல் மறுபெயின்ட் ஆன பகுதியில் விழுந்திருந்தால் நிலைமை இன்னும் கடினம். மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவு தாக்குப்பிடிக்கும் படலங்கள் என்பதால், ஒன்றைத் தொட்டு மற்றதை விடும் கரைப்பானைக் காண்பது அரிது. தேர்ந்த ஒருவர் உரசி எடுப்பதா, அந்தப் பகுதிக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதா என்பதைத் துளிகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்யும்.

ஒரு தடவை உப்பி மீண்ட கிளியர் கோட் பத்து ஆண்டு வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. சுண்ணாம்பு போன இடத்தில் தெரியும் மங்கல், எஞ்சிய சுண்ணாம்பா காரம் அரித்த தழும்பா என்பதும் பல நேரங்களில் பாலிஷ் போட்டுப் பார்த்த பிறகே தெரியவருகிறது.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு வரிசை தேறுகிறது. முதலில் கழுவுதல், பின் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்தல், பின் எமல்ஷனானால் நீர்த்த ஆல்கஹால், சுண்ணாம்பானால் வினிகர், புதிய எனாமலானால் மினரல் டர்பன்டைன், தூசிப்புள்ளிகளுக்குக் களிமண், இறுதியில், தேவைப்பட்டால் மட்டும், பாலிஷும் மெழுகும். எல்லாமே நிழலில், ஆறிய பரப்பில், காற்றோட்டத்தில். தின்னர் கடைசி ஆயுதம். தொழிற்சாலைப் பூச்சு என்று உறுதியானால் மட்டும், துணியில் நனைத்து, வினாடிக்கணக்கில். இந்த வரிசை எல்லாத் துளியையும் எடுத்துவிடும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் திருத்த முடியாத சேதத்தைச் செய்யும் வழிகளைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறது. மற்ற பதில்களைவிட இதற்கு முன்னுரிமை தர அந்த ஒரு காரணம் போதும்.

எதையும் தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெயின்டரிடம் சென்று டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். எதைக் கலந்து அடிக்க வேண்டும் என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கும்: நீர் என்றால் எமல்ஷனோ டிஸ்டெம்பரோ சிமென்ட் பெயின்ட்டோ, மினரல் டர்பன்டைன் என்றால் எனாமல். எந்த நாளில் அடித்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் திரவத்தை வாங்குவது என்பதை இந்த இரண்டு பதில்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.